அத்தியாயம் 7: எந்த டெப்போ சிறந்தது? முடிவெடுப்பவரின் விருப்பத்தைக் கணக்கில் சேர்க்கும் முறை

தென்காசி மாவட்டத்தில் அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்குத் தென்காசி, செங்கோட்டை, புளியங்குடி, சங்கரன்கோவில் ஆகிய ஊர்களில் டெப்போக்கள் இருக்கின்றன. இவற்றில் நன்றாக நடக்கிற டெப்போ எது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். கணக்குப் பிரிவில் இருப்பவர் கிலோமீட்டருக்கு எவ்வளவு கலெக்‌ஷன் என்று பார்ப்பார். தொழில்நுட்பப் பிரிவில் கே.எம்.பி.எல்.தான் பேச்சு, அதாவது ஒரு லிட்டர் டீசலுக்கு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது. ஆலங்குளம் பக்கத்துக் கிராமத்தில் பீடி சுற்றும் பெண்ணைக் கேளுங்கள். சுற்றிய பீடியை ஒப்படைக்கப் போகும் காலை டவுன் பஸ் தவறாமல் வருகிறதா என்பதே அவருக்கு அளவுகோல். மூவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் மூன்று நியாயங்களும் சேர்ந்து ஒரே வரிசையைத் தருவதில்லை.

2021 மே மாதத்துக்குப் பிறகு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமில்லாமல் போகலாம் என்ற உத்தரவு அந்த மே 8 முதல் நடைமுறைக்கு வந்தது. பிறகு அதற்கு விடியல் பயணம் என்று பெயர் வைத்தார்கள். நடத்துநர் பெண்களுக்குத் தருவது பணமில்லாத டிக்கெட். அன்றாடக் கலெக்‌ஷனில் அது பூஜ்யமாக விழும். அந்தச் செலவை அரசு கழகத்துக்கு ஈடுகட்டினாலும், டெப்போவின் தினசரி ஏட்டில் ஒரு வண்டி நிறையப் பெண்களை ஏற்றி வந்ததும் காலியாக வந்ததும் பெட்டிப் பணத்தில் கிட்டத்தட்ட ஒன்றாகவே தெரியும். கலெக்‌ஷனை மட்டும் வைத்து டெப்போக்களை வரிசைப்படுத்தினால், அரசு எதற்காகத் திட்டம் கொண்டுவந்ததோ அதை நன்றாகச் செய்த டெப்போதான் கடைசியில் நிற்கும். பெண் பயணிகளின் எண்ணிக்கையை மட்டும் எடுத்தாலோ, மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் மஃப்சல் வண்டி ஓட்டிக் கழகத்துக்குக் காசு சேர்க்கும் டெப்போ அடிபடும்.

இந்த இரண்டையும் ஒரே கணக்கில் கொண்டுவருவது எப்படி, அதில் கழகத்தின் தலைமைக்கு இருக்கும் விருப்பத்தை எந்த இடத்தில், எவ்வளவு சேர்ப்பது என்பதே இந்த அத்தியாயம். டெப்போவை உதாரணமாக எடுத்திருக்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் கூட்டுறவு வங்கிக் கிளைக்கும் ஊராட்சி ஒன்றியத்துக்கும் முறை இதேதான்.

கணக்கின் அடிப்படை

பல உள்ளீடுகளைப் போட்டுப் பல விளைவுகளை எடுக்கும் அலகுகளை ஒப்பிட, 1978-ல் ஆப்ரஹாம் சார்ன்ஸ், வில்லியம் கூப்பர், எட்வர்டோ ரோட்ஸ் மூவரும் ஒரு முறையை வெளியிட்டார்கள். டேட்டா என்வெலப்மென்ட் அனாலிசிஸ் என்பது அதன் பெயர். இனி டி.இ.ஏ. என்றே சொல்வோம். அமெரிக்காவில் ஏழைக் குழந்தைகளுக்கான ஒரு கல்வித் திட்டத்தில் பள்ளிகளின் செயல்பாட்டை அளக்கும் ஆய்வில் இது பிறந்தது. குழந்தைகளின் தன்னம்பிக்கைக்கு ரூபாயிலோ டாலரிலோ விலை கிடையாது. ஆகவே விலையே தெரியாத விளைவுகளைச் சேர்த்து அளக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்தது.

அவர்கள் கண்ட வழி இது. எந்த விளைவுக்கு எவ்வளவு வெயிட்டேஜ் என்று நாம் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு அலகும் தனக்கு எது சாதகமோ அந்த வெயிட்டேஜை எடுத்துக்கொள்ளட்டும். அதே வெயிட்டேஜை மற்ற எல்லா அலகுகளுக்கும் போட்டுப் பார்த்து, அப்போதும் அதுவே முதலில் வந்தால் நூறு மதிப்பெண். தனக்கே சாதகமான வெயிட்டேஜிலும் வேறொன்று அதை முந்தினால் மதிப்பெண் நூறுக்குக் கீழே. இதில் ஓர் அழகான நியாயம் இருக்கிறது. தோற்ற அலகு ‘எனக்குப் பாதகமான அளவுகோலை வைத்துவிட்டீர்கள்’ என்று சொல்ல முடியாது.

இதற்கு நேர் எதிர் முனையில் இருப்பது வெயிட்டேஜை மேலிருந்தே கட்டி வைப்பது. 2018 ஜனவரியில் தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில் நிதி ஆயோக் அப்படித்தான் செய்தது. சுகாதாரமும் ஊட்டச்சத்தும் 30 சதவீதம், கல்வி 30, விவசாயமும் நீர்வளமும் 20, நிதிச் சேவையும் திறன் வளர்ப்பும் 10, அடிப்படைக் கட்டமைப்பு 10. தமிழ்நாட்டில் விருதுநகரும் ராமநாதபுரமும் அந்தப் பட்டியலில் வந்தன. நம் பக்கத்து மாவட்டமான விருதுநகரில் கல்விக்கு ஏன் 30, ஏன் 28 இல்லை என்று யாராவது கேட்டால், டெல்லியில் அப்படி முடிவு செய்தார்கள் என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது.

ஒரு முனையில் ஒவ்வோர் அலகுக்கும் முழுச் சுதந்திரம், மறுமுனையில் துளியும் சுதந்திரம் இல்லை. விருப்பத்தைச் சேர்ப்பது என்பது இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தைத் தேடுவது.

முழுச் சுதந்திரம் எங்கே இடறுகிறது

எண்களோடு பார்ப்போம். பாடத்துக்காக நானே அமைத்த எண்கள் இவை. எந்த டெப்போவின் கணக்கும் அல்ல. ஐந்து டெப்போக்கள். ஒரு வண்டிக்கு, ஒரு நாளைக்கு என்று வகுத்து இரண்டு விளைவுகளை மட்டும் எடுக்கிறோம். மகளிர் பயணம் என்பது இங்கே பெண்களின் கட்டணமில்லாப் பயணம்.

அ: கலெக்‌ஷன் 15,000 ரூபாய், மகளிர் பயணம் 100
ஆ: 13,000 ரூபாய், 300
இ: 9,000 ரூபாய், 450
ஈ: 6,000 ரூபாய், 480
உ: 8,800 ரூபாய், 300

கிராஃப் தாளில் படுக்கைக் கோட்டில் கலெக்‌ஷனையும் நிலைக்கோட்டில் மகளிர் பயணத்தையும் வைத்துப் புள்ளி போடுங்கள். அ, ஆ, இ, ஈ நான்கும் வெளிப்பக்கமாக ஒரு வளைந்த வேலியாக நிற்கும். அதுதான் எல்லைக்கோடு. உ மட்டும் உள்ளே கிடக்கும். இரண்டு கோடுகளும் சேரும் பூஜ்யப் புள்ளியிலிருந்து உ வழியாக ஒரு கோடு இழுத்தால் அது ஆவுக்கும் இக்கும் சரி நடுவில், 11,000 ரூபாய், 375 பயணம் என்ற இடத்தில் வேலியைத் தொடும். 8,800ஐ 11,000-ஆல் வகுத்தால் 80 சதவீதம். உ டெப்போவின் மதிப்பெண் அது. மற்ற நான்குக்கும் நூறு.

இப்போது அ எப்படி நூறு வாங்கியது என்று பாருங்கள். ஒரு மகளிர் பயணத்தை எத்தனை ரூபாய் கலெக்‌ஷனுக்குச் சமமாக வைக்கிறோம் என்பதுதான் வெயிட்டேஜ். அதை 10 ரூபாய்க்குள் வைத்தால் மட்டுமே அ முதலில் வரும். பூஜ்யம் என்று வைத்தாலும் கணக்கு ஏற்றுக்கொள்ளும். அதாவது, ‘என் வண்டியில் ஏறிய பெண்களைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள்’ என்று சொல்லிவிட்டு அ டெப்போ நூறு வாங்கலாம். எதிர்ப்பக்கம் ஈ டெப்போ ஒரு பயணத்துக்கு 100 ரூபாய்க்குக் குறையாமல் விலை வைத்தால்தான் நூறு வாங்கும். எந்த டவுன் பஸ்ஸிலும் இல்லாத விலை அது. கணக்குக்கு அது தெரியாது. ஆவுக்கு 10 முதல் ஏறக்குறைய 26.70 வரையும், இக்கு அங்கிருந்து 100 வரையும் சாதகமான விலை.

ஐந்தில் நான்கு நூறு என்றால் அந்த அளவீட்டால் மேலாளருக்கு என்ன பயன்? இது பாடத்துக்காக நான் சோடித்த சங்கடம் அல்ல. 1986-ல் டெக்சாஸ் மாநிலத்தில் உயர் ஆற்றல் இயற்பியல் ஆய்வுக்கூடம் ஒன்றை எங்கே அமைக்கலாம் என்று தாம்ப்சன் குழுவினர் ஆறு இடங்களை டி.இ.ஏ.யில் போட்டுப் பார்த்தபோது ஐந்து இடங்கள் முழு மதிப்பெண்ணுடன் வந்து நின்றன. ஐந்தையும் கட்ட முடியாது. அங்கிருந்துதான் வெயிட்டேஜுக்கு வரம்பு கட்டும் வழக்கம் வளர்ந்தது.

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். விருப்பம் கலக்காத செயல்திறன் அளவீடு என்று ஒன்று கிடையாது. தலைமை தன் விருப்பத்தைச் சொல்லாமல் விட்டால் கணக்கு நடுநிலையாகிவிடாது. ஒவ்வொரு டெப்போவின் விருப்பமும் தனித்தனியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே விருப்பத்தைச் சேர்க்கலாமா என்று தயங்க வேண்டாம். அதை எவ்வளவு வெளிப்படையாகச் சேர்க்கிறோம் என்பதில் மட்டும் கவனம் வையுங்கள்.

முதல் வழி: விலைக்கு வரம்பு

தலைமையிடம் ஒரே ஒரு விலையைக் கேட்காதீர்கள். கீழ்வரம்பும் மேல்வரம்பும் கேளுங்கள். ‘ஒரு மகளிர் பயணத்தை 12 ரூபாய்க்குக் குறைத்து மதிக்க மாட்டேன், 30 ரூபாய்க்கு மேலும் மதிக்க மாட்டேன்’ என்று பொது மேலாளர் சொன்னதாக வைப்போம். இந்த வரம்புக்குள் ஒவ்வொரு டெப்போவும் தனக்குச் சாதகமான விலையை எடுத்துக்கொள்ளலாம்.

அ எடுக்கக்கூடியது 12 ரூபாய். அப்போது அதன் மதிப்பு 16,200, ஆவின் மதிப்பு 16,600. மதிப்பெண் 97.6. ஆவும் இயும் நூறிலேயே நிற்கின்றன. ஈக்கு நல்லது 30 ரூபாய். அப்போது அதற்கு 20,400, இக்கு 22,500. மதிப்பெண் 90.7. உ அதே 80. வரம்பை 15 முதல் 20 வரை என்று இறுக்கினால் ஆ மட்டுமே நூறு; அ 94.3, இ 94.7, ஈ 82.1, உ 77.9 என்று இறங்கும். கால்குலேட்டரிலேயே போட்டுப் பாருங்கள். வரம்பு இறுக இறுக முன்வரிசையில் ஆள் குறைவதைக் கையால் ஒரு தடவை கணக்குப் போட்டு உணர்ந்தவர்தான் பிறகு கம்ப்யூட்டர் தரும் எண்ணை நம்பவும் சந்தேகிக்கவும் முடியும்.

வரம்பை ரூபாயில் கேட்பதற்குப் பதிலாகச் சதவீதத்தில் கேட்கும் பழக்கமும் உண்டு. வோங், பீஸ்லி இருவரும் 1990-ல் அதை முன்வைத்தார்கள். ‘மொத்த மதிப்பில் மகளிர் பயணத்தின் பங்கு 20 சதவீதமாவது இருக்க வேண்டும்’ என்று சொன்னால் கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டுவார்கள். கேட்க மென்மையாக இருக்கிறது. ஆனால் அ டெப்போவுக்கு அது என்ன செய்கிறது? 100 பயணம் மட்டுமே உள்ள இடத்தில் அந்தப் பங்கு 20 சதவீதம் ஆக வேண்டுமானால் ஒரு பயணத்துக்கு 37.50 ரூபாய் வைத்தாக வேண்டும். அந்த விலையில் அ 18,750, இ 25,875. அவின் மதிப்பெண் 72.5-க்கு விழுந்துவிடும். ரூபாயில் 30-க்கு மேல் போகாதே என்று சொன்ன அதே அதிகாரி, சதவீதத்தில் தன்னை அறியாமல் 37.50-க்குச் சம்மதித்திருப்பார். சதவீதத்தில் கேட்டே ஆக வேண்டும் என்றால், ஒவ்வொரு டெப்போவுக்கும் அது எத்தனை ரூபாய் ஆகிறது என்று கணக்கிட்டு அவரிடம் திரும்பக் காட்டுங்கள்.

இரண்டாம் வழி: பிடித்த இடத்தைக் காட்டச் சொல்வது

பல அதிகாரிகளுக்கு வெயிட்டேஜ் சொல்ல வராது. அது அவர்கள் குறையல்ல. யாருக்கும் எளிதாக வராது. ஆனால் இரண்டு நிலைகளை முன்னால் வைத்து எது மேல் என்று கேட்டால் உடனே சொல்வார்கள், ஏனென்றால் அன்றாடம் அவர்கள் செய்வது அதைத்தான். ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பொருளாதாரக் கல்லூரியைச் சேர்ந்த கோர்ஹோனென், வாலேனியஸ் ஆகியோர் ஹால்மே, யோரோ, சாலோவுடன் சேர்ந்து 1999-ல் வெளியிட்ட முறை இந்த இயல்பின் மேல் கட்டப்பட்டது. மதிப்புத்திறன் பகுப்பாய்வு என்று அதைச் சொல்லலாம். எல்லைக்கோட்டில் மேலும் கீழும் நகர்ந்து பார்த்து, தலைமை தனக்கு மிகவும் பிடித்த இடத்தில் நிற்க வேண்டும். வெயிட்டேஜ் பற்றிப் பேச்சே வராது.

பேட்டி ஏறக்குறைய இப்படிப் போகும்.

“சார், ஒரு வண்டிக்குப் பதிமூவாயிரம் கலெக்‌ஷன், முந்நூறு மகளிர் பயணம். எல்லா டெப்போவும் இப்படி ஓடினா உங்களுக்குத் திருப்தியா?”

“பரவால்ல. லேடீஸ் இன்னும் கொஞ்சம் கூடணும்.”

“கூட்டினா கலெக்‌ஷன் இறங்கும் சார். பதினோராயிரம், முந்நூத்தி எழுபத்தஞ்சு?”

“ம், இது சரியா வரும்.”

“இன்னும் போகலாமா? ஒம்பதாயிரம், நானூத்தம்பது?”

“வேண்டாம் தம்பி, டீசலுக்குக் காசு வேணும்லா? முந்தினதே இருக்கட்டும்.”

இவ்வளவுதான். அவர் நின்ற இடம் ஆவுக்கும் இக்கும் நடுவில். அந்த இரண்டு டெப்போவுக்கும் உள்ள வித்தியாசம் 4,000 ரூபாய்க்கு 150 பயணம். ஒரு பயணத்துக்கு ஏறக்குறைய 27 ரூபாய். அவர் வாயால் சொல்லாத விலை அவர் தேர்வுக்குள்ளேயே இருந்திருக்கிறது. அந்த விலையில் ஆ, இ இரண்டும் நூறு, ஈ 89.5, அ 84.1, உ 80.

அவருக்கு முதலில் காட்டிய ஆ டெப்போவிலேயே அவர் நின்றிருந்தால் விலை ஒன்றாக நிலைக்காது. அது ஒரு மூலை. 10 முதல் 26.70 வரை எந்த விலையும் அந்த மூலைக்குப் பொருந்தும். அப்போது அவும் இயும் சந்தேகத்தின் பலனைப் பெற்று நூறில் இருக்கும். அதாவது மேலாளர் ஒரு மூலைப் புள்ளியைத் தேர்ந்தெடுத்தால் அவர் விருப்பத்தில் பாதிதான் நமக்குத் தெரிந்திருக்கிறது. அந்த நேரத்தில் பேட்டியை நிறுத்தாதீர்கள். பக்கத்து இரண்டு புள்ளிகளையும் காட்டி எது பரவாயில்லை என்று கேளுங்கள்.

பேட்டிக்குப் பிறகு விலையை அவரிடம் சொல்லியே ஆக வேண்டும். ‘நீங்கள் காட்டிய இடத்தின்படி ஒரு மகளிர் பயணம் 27 ரூபாய்க்குச் சமம்.’ இதைக் கேட்டு அவர் திடுக்கிட்டால் இடத்தை மாற்றிக்கொள்ளட்டும். திடுக்கிடாவிட்டால் அதை எழுத்தில் வாங்குங்கள்.

எதை எண்ணுவது

விருப்பத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசிவிட்டு, எண்ணும் பொருளில் கோட்டை விடுவது சாதாரணமாக நடக்கிறது. டெப்போவுக்கு உள்ளீடு மூன்று: வண்டிகள், பணியாளர், டீசல். இதில் பணியாளரைத் தலைக்கணக்கில் எடுக்கக் கூடாது. ஆள் பற்றாத டெப்போவில் ஓட்டுநரும் நடத்துநரும் டபுள் ட்யூட்டி பார்ப்பார்கள். தலைகளை எண்ணினால், குறைந்த ஆளை வைத்து அதிக வண்டி ஓட்டுகிற திறமையான டெப்போவாக அது தெரியும். உண்மையில் அங்கே நடப்பது ஆட்களைப் பிழிவது. ட்யூட்டி மணிநேரத்தை எடுங்கள். அதேபோல் கே.எம்.பி.எல். ஒரு விகிதம். டீசலை லிட்டராக உள்ளீட்டில் வையுங்கள், ஓடிய கிலோமீட்டரை விளைவில் வையுங்கள். விகிதத்தைக் கணக்கே கண்டுகொள்ளும். விகிதத்தையும் மொத்த எண்ணிக்கையையும் ஒரே வரிசையில் கலந்தால் முடிவு திரிந்துவிடும்.

டவுன் பஸ்ஸையும் மஃப்சலையும் தனித்தனி உள்ளீடாக எடுங்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். எந்த டெப்போவுக்கு எத்தனை டவுன் பஸ் என்பதை டெப்போவை நடத்தும் கிளை மேலாளர் முடிவு செய்வதில்லை. மகளிர் பயணம் டவுன் பஸ்ஸில் மட்டும் நடப்பதால், வண்டிகளை ஒன்றாகக் கூட்டினால் தலைமை அலுவலகம் செய்த பங்கீட்டைக் கிளை மேலாளரின் திறமையாகவோ குறையாகவோ எழுதிவிடுவோம்.

விபத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உயிர்ச்சேதத்துக்கு வெயிட்டேஜ் வைத்துக் கழிக்கும் பட்டியல்கள் உண்டு. எனக்கு அதில் சற்றும் உடன்பாடில்லை. வெயிட்டேஜ் வைத்த மறுகணம், இத்தனை ஆயிரம் ரூபாய் கூடுதல் கலெக்‌ஷன் அந்த இழப்பைச் சரிக்கட்டும் என்று கணக்கு சொல்லத் தொடங்கும். பாதுகாப்பை மதிப்பெண்ணுக்கு வெளியே, தாண்டியே ஆக வேண்டிய ஒரு நிபந்தனையாக வையுங்கள். அதைத் தாண்டாத டெப்போ ஒப்பீட்டுக்குள்ளேயே வரக் கூடாது.

குற்றாலமும் புளியரையும்

இந்த மாவட்டத்தில் கணக்குப் போடுகிறவர் மறக்கக் கூடாத இரண்டு விஷயங்கள் சீசனும் மலையும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் இறங்கினால் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு வண்டி விட்டு மாளாது. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று கூட்டம் அலைமோதும். பிறகு ஒரு நாள் மேலே மலையில் கனமழை பெய்து அருவியில் வெள்ளம் பெருகும். குளிக்கத் தடை என்று அறிவிப்பு வரும். காலையில் ஸ்பெஷல் பஸ் போட்ட டெப்போவுக்கு மதியம் வண்டி காலி. டீசலும் ட்யூட்டியும் செலவானது செலவானதுதான். கிளை மேலாளர் இதில் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. சீசன் பிந்தினாலும் அப்படியே. சங்கரன்கோவிலில் ஆடித்தபசுக் கூட்டமும் இப்படி ஒரு டெப்போவின் எண்களை ஒரு சில நாட்களுக்குத் தூக்கி நிறுத்தும்.

செங்கோட்டைக்கு வேறு பிரச்சினை. கொல்லத்தையும் திருமங்கலத்தையும் இணைக்கும் 744-ம் எண் தேசிய நெடுஞ்சாலையில் புளியரை தாண்டினால் ஏற்றம். எஸ் வளைவில் எதிரே சரக்கு லாரி வந்தால் பஸ் நின்று, கியரை இறக்கி, ஊர்ந்து ஏறும். ஆரியங்காவு, புனலூர் பக்கம் போகும் வண்டிக்கு, சமதளத்தில் ராஜபாளையம் நோக்கி ஓடும் புளியங்குடி வண்டியின் கே.எம்.பி.எல்.லைக் கேட்பது அநியாயம்.

ஒரு டெப்போவின் கையில் இல்லாத காரணிகளைத் தனியாகக் குறித்து, அவை ஒத்திருக்கும் அலகுகளோடு மட்டும் ஒப்பிடும் வழியை பேங்கர், மோரி இருவரும் 1986-ல் எழுதினார்கள். அவர்கள் எடுத்தது ஒரு துரித உணவகச் சங்கிலியின் கிளைகளை. நமக்கு மலைப்பாதைக் கிலோமீட்டரை அப்படி ஒரு காரணியாக எடுக்கலாம். சீசனுக்கு நான் பரிந்துரைப்பது இன்னும் எளிது: ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதங்களையும் தனிக் கணக்காகப் போடுங்கள். அந்த மூன்று மாதத்துக்குத் தலைமையின் விருப்பமும் வேறாக இருக்கலாம். சுற்றுலாக் கூட்டத்தை ஏற்ற டவுன் பஸ்ஸைக் குற்றாலத்துக்குத் திருப்பிவிட்டால், கடையம் பக்கத்துக் கிராமத்தில் காலை டிரிப் கட்டாகும். அது சரியா என்பது கணக்கு சொல்லும் பதிலல்ல. சீசனுக்கு என்று தனிப் பேட்டி எடுத்து, பொது மேலாளர் அதற்கும் ஓர் இடத்தைக் காட்டட்டும்.

அலகுகள் எத்தனை வேண்டும் என்பதற்கு நடைமுறையில் ஒரு விதி உண்டு. உள்ளீட்டையும் விளைவையும் கூட்டி மூன்றால் பெருக்குங்கள். அந்த எண்ணிக்கைக்குக் குறையாமல் அலகுகள் இருக்க வேண்டும். ஆறு அளவைகள் என்றால் பதினெட்டு டெப்போ. தென்காசி மாவட்டத்துக்குள் அது கிடைக்காது. திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் மண்டலங்களைச் சேர்த்துத் திருநெல்வேலி கழகம் முழுவதையும் எடுங்கள். மாவட்டத்துக்குள்ளேயே செய்ய வேண்டும் என்றால் ஒவ்வொரு டெப்போவின் ஒவ்வொரு மாதத்தையும் தனி அலகாக எடுக்கலாம். அப்போது சீசன் மாதங்களைத் தனியாகப் பிரிப்பது இன்னும் அவசியமாகும்.

கணக்குப் போட எக்செலில் உள்ள சால்வர் போதும். காசு கொடுக்க வேண்டாம் என்றால் லிப்ரே ஆஃபீஸ் கால்க்கிலும் சால்வர் இருக்கிறது. டெப்போ எண்ணிக்கை பெருகினால் ஆர் மொழியில் பெஞ்ச்மார்க்கிங் என்ற இலவசத் தொகுப்பைப் பயன்படுத்தலாம்.

யாருடைய விருப்பம்?

முடிவெடுப்பவர் என்று ஒருமையில் சொல்லிவந்தேன். உண்மையில் அவர் ஒருவர் அல்லர். நிர்வாக இயக்குநருக்குக் கழகத்தின் கடன் கவலை. மாவட்ட ஆட்சியருக்கு மனுநீதி நாளில் வரும் ‘எங்க ஊருக்கு பஸ் இல்ல’ என்ற மனுக்களின் கவலை. தொழிற்சங்கத்துக்கு ட்யூட்டி நேரம். இவர்களை ஒரு மேசையில் உட்காரவைத்துச் சராசரி எடுப்பது எனக்கு உவப்பில்லாத வழி. சராசரியில் கிடைக்கும் விலை யாருடைய விலையும் அல்ல. தனித்தனியாகப் பேட்டி எடுங்கள், தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள். நிர்வாக இயக்குநரின் விலையிலும் ஆட்சியரின் விலையிலும் கீழே கிடக்கும் டெப்போவுக்கு உடனே உதவி தேவை, அதில் சர்ச்சையில்லை. நம் உதாரணத்தில் உ அப்படிப்பட்டது. எந்த விலை வைத்தாலும் அதற்கு 80-க்கு மேல் வராது. ஒருவர் கணக்கில் மேலேயும் மற்றவர் கணக்கில் கீழேயும் வரும் அ, ஈ போன்றவற்றில் டெப்போ மேல் குற்றமில்லை. தலைமைக்குள்ளேதான் கருத்து ஒத்துவரவில்லை. கிளை மேலாளருக்கு மெமோ அனுப்பும் முன் மேலே பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் அது.

இன்னும் ஒன்று. பேட்டி நடக்கும்போது டெப்போக்களின் பெயர் மேசையில் இருக்கக் கூடாது. அ, ஆ, இ என்றே வையுங்கள். தனக்குப் பிடித்த கிளை மேலாளர் எந்தப் புள்ளியில் நிற்கிறார் என்று தெரிந்துவிட்டால், மனிதர் தன்னை அறியாமலேயே அந்தப் பக்கம் சாய்வார். விருப்பத்தை முதலில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்கி, உறையிலிட்டு ஒட்டிய பிறகே கணக்கை ஓட்டுங்கள். முடிவைப் பார்த்த பிறகு வரம்பை நகர்த்தச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அடுத்த ஆண்டுக்கு மாற்றலாம், காரணத்தை எழுதி.

முடிவு வெளிவந்ததும் மதிப்பெண்ணை மட்டும் டெப்போவுக்கு அனுப்பாதீர்கள். உ டெப்போவுக்கு 80 என்ற எண்ணால் ஒரு பயனும் இல்லை. ‘ஆ, இ இரண்டு டெப்போக்களையும் பாருங்கள், இதே வண்டிகளை வைத்து 11,000 ரூபாயும் 375 மகளிர் பயணமும் எட்டக்கூடியவை’ என்ற வரிதான் அங்கே வேலை செய்யும். அந்த இலக்கோடு ஒரு மகளிர் பயணத்துக்குத் தலைமை வைத்த விலையையும் சேர்த்து ஒரு தாளில் அச்சிட்டு, ஓட்டுநரும் நடத்துநரும் ட்யூட்டி பார்க்க வந்து நிற்கும் நோட்டீஸ் போர்டில் ஒட்டச் செய்யுங்கள். தங்களை எந்த அளவுகோலால் அளக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் உரிமை முதலில் அவர்களுக்குத்தான்.